பம்பை நிறுத்திய பதினெட்டு நிமிடம்

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு.

இது எந்த ஊர் நியாயம் என்று கேட்பவர்கள் சீடரையே கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் ஆற்றில் துளை போடும் மிதவையில் கால் வைத்ததும் கையெடுத்துக் கும்பிட்டவர் அவர்தான்.

"முப்பத்திரண்டு வருஷமா கம்பத்தை அண்ணாந்து பார்த்தே வேலை செஞ்சவன் மேடம். கீழே என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்த்ததே இல்லை. இங்கே நீங்கதான் எனக்குக் குரு."

"அப்படின்னா கேள்வி கேளுங்க சார். தலையை மட்டும் ஆட்டாதீங்க," என்றார் குரு.

குருவின் பெயர் லூர்தம்மாள். மண் பரிசோதனைப் பொறியாளர். வயலோ ஆறோ கடலோரமோ, துளை போட்டு, வருகிற மண்ணை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, கீழே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். சீடரின் பெயர் வைத்தியலிங்கம். மின்சார அலுவலகத்தில் செயற்பொறியாளர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்.

சீடர் உடனே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆத்துக்கு அடியில பதினஞ்சு மீட்டர். கண்ணால பார்க்க முடியாது, கையால தொட முடியாது. மண்ணு சொல்றது நிஜம்னு எப்படி நம்புறது?"

"மண்ணு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை சார்."

"மனுஷன்?"

"அதைப் பார்க்க ஏன் சார் இவ்வளவு தூரம் வரணும்?"

கொள்ளிடம் கடலை நெருங்கும் இடத்தில் வேலாந்திட்டு என்று ஒரு தீவு. முந்நூறு வீடு. மின்சாரம் ஆற்றின் நடுவே நிற்கும் ஒரு கோபுரத்தின் வழியாக அந்தரத்தில் வருகிறது. வெள்ளம் வந்தால் கோபுரம் சாயும், கம்பி அறுந்து ஆற்றில் விழும், திட்டு இருட்டில் கிடக்கும். போன வெள்ளத்தில் பதினொரு நாள்.

போதும் இந்தக் கூத்து என்று யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்து, கம்பியை ஆற்றுக்கு அடியில் கொண்டுபோகத் திட்டம் போட்டார். ஆற்றுப் படுகைக்குக் கீழே பதினைந்து மீட்டர் ஆழத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு துளை. துளைக்குள் குழாய். குழாய்க்குள் கம்பி. மண் இறுக்கமாக இருந்தால் துளை நிற்கும். தளர்வாக இருந்தால் இடிந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். அதனால் முதலில் மண்ணைக் கேட்க வேண்டும். ஐந்து இடத்தில் கேட்பது என்று ஏற்பாடு. நான்கு முடிந்துவிட்டது. ஐந்தாவது, நடு ஆறு.

மண்ணைக் கேட்கும் முறை எளிது. பூமிக்குள் இரும்புக் குழாயை இறக்குவார்கள். அதற்குள் பம்ப் வைத்துத் தண்ணீரைப் பாய்ச்சியபடியே தோண்டிக்கொண்டு போவார்கள். வேண்டிய ஆழம் வந்ததும் தோண்டும் ராடை உருவிவிட்டு, நுனியில் மண் பிடிக்கும் குழல் உள்ள ஒரு கம்பியை உள்ளே இறக்கி, அதன் தலையில் அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியலை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். கம்பி முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். அடி அதிகமென்றால் மண் இறுக்கம். இதுவரை போட்ட நான்கு குழிகளிலும் பதினைந்தாவது மீட்டரில் முப்பத்தாறு, முப்பத்து நாலு, முப்பத்தொன்பது, முப்பத்தேழு.

முதல் நாளே குரு சொல்லியிருந்தார்.

"குழாய்க்குள்ள தண்ணி எப்பவும் வழிஞ்சுக்கிட்டே இருக்கணும் சார். தோண்டும்போதும் சரி, ராடை வெளியே எடுக்கும்போதும் சரி. ஆத்து மட்டத்துக்குக் கீழே இறங்கவே கூடாது."

சீடர் அதை டைரியில் எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டார். சமையல் குறிப்பை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதியதோடு சரி.

வியாழக்கிழமை குரு கரையில் இருந்தார். நான்காவது குழியின் மண்ணைப் பைகளில் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மிதவையில் வைத்தியலிங்கம் பொறுப்பு. துளை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி அமானுல்லா. இருபது வருடமாக இதே வேலை.

பதினைந்தாவது மீட்டரைத் தொட்ட நேரத்தில் சீடருக்குப் போன் வந்தது. மேலதிகாரி, மேற்பார்வைப் பொறியாளர்.

"அந்தப் பம்பைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா! ஒண்ணும் கேட்கலை!"

"நிறுத்தக் கூடாதுங்கய்யா," என்றார் அமானுல்லா. "ராடை வேற உருவிக்கிட்டிருக்கோம்."

"ரெண்டு நிமிஷம்தானே? பேசுறது எஸ்.இ.!"

ஆபீசருக்குப் போன் வந்தால் உலகம் வாயை மூட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது போலும். வீட்டில் மிக்ஸி நிற்கும். இங்கே பம்ப் நின்றது.

மூன்று மணிக்குக் குரு படகில் வந்து சேர்ந்தார். படகை ஓட்டியவள் தனபாக்கியம். திட்டுக்காரி. மிதவைக்கும் கரைக்கும் ஆளையும் சோற்றையும் டீசலையும் ஏற்றி இறக்குவது அவள் வேலை. அவள் புருஷன் குழந்தைவேலு பதினெட்டு வருடம் ஜல்லி உடைத்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. மூக்கில் குழாய் வைத்து மூச்சு கொடுக்கும் மெஷினோடுதான் இருக்கிறார். மெஷினுக்குக் கரண்டு வேண்டும். போன வெள்ளத்தில் மூன்றாம் நாள் அவரைப் படகில் கிடத்தி, சுழிப்பில் ஓட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்தாள். வராதே வராதே என்று கரையில் போலீஸ் கத்தியது. "அப்ப நீங்க வந்து மூச்சு விடுங்கய்யா அந்தாளுக்கு" என்று இவளும் கத்தினாள்.

மிதவையில் ஏறியதும் குரு சீடரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒருவித நிம்மதி தெரிந்தது.

"நாலு, மேடம்."

"நாலு என்ன?"

"நாலே அடி. பதினஞ்சாவது மீட்டர்ல. கேசரியில கரண்டி இறங்குற மாதிரி இறங்கிடுச்சு."

"மத்த குழியில எல்லாம் முப்பதுக்கு மேல சார்."

"அதெல்லாம் ஓரம். இது நடு ஆறு. நடு ஆத்துல மண்ணு சரியில்லை. நான் அறிக்கையே எழுதிட்டேன்." போனை நீட்டினார். *நடு ஆற்றில் மண் மிகத் தளர்வு. பாதாள மின்கம்பிக்குப் பொருத்தமற்றது. மேல்வழியே தொடரலாம்.* "நீங்க சரின்னு சொன்னா எஸ்.இ.க்கு அனுப்பிடுவேன். இந்தத் திட்டத்தை வேற ஊருக்கு மாத்திக்குவாங்க."

கீழே படகிலிருந்து தனபாக்கியம் கேட்டாள். "ஏங்க சார், அப்ப எங்க ஊருக்குக் கரண்டு?"

"இப்ப வர்ற மாதிரி மேலேயே வரும்மா."

"மேலே வர்றதுதானே சார் வருஷா வருஷம் கீழே வருது!"

வைத்தியலிங்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் குருவிடம் குரலைத் தணித்தார்.

"மேடம், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு ஆத்துல, மண்ணு நல்லா இருக்குன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். நானா தோண்டினேன்? யாரோ எழுதிக் கொடுத்தது. போன குழாய் நடுவுல மாட்டிக்கிச்சு. இன்னிக்கும் அங்கேயேதான் கிடக்கு. எனக்குப் பதினேழு பி. நாலு வருஷம் விசாரணை. என்கூட வந்தவன் எல்லாம் மேலே போயிட்டான். மண்ணு மோசம்னு எழுதினதுக்காக இதுவரை எவனுக்காவது மெமோ கொடுத்திருக்காங்களா, சொல்லுங்க?"

"இல்லை."

"அவ்வளவுதான் மேடம்."

பதினேழு பி என்பது அரசு ஊழியருக்குக் கொடுக்கும் குற்றச்சாட்டு மெமோ. விசாரணை முடியும் வரை பதவி உயர்வு கிடையாது. குருவுக்கு அது புரிந்தது. அதனால் திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

குரு மண் பையைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்.

"மத்த நாலு குழியிலயும் மணலுக்கு நடுவுல சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு களிமண் ஏடு இருந்தது சார். பால்ல ஆடை படியுற மாதிரி. இதுல காணோமே?"

"நடு ஆறு இல்லையா மேடம்."

"இருக்கும்." குரு டேப்பை எடுத்தார். அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு கட்டியிருந்தது. "குழிக்குள்ள விடுங்க சார். அடியில முட்டினதும் சொல்லுங்க."

சீடர் விட்டார். முட்டியது. படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பதிமூணேகால்."

"தோண்டினது?"

"பதினஞ்சு."

"ஒன்னேமுக்கால் மீட்டர் எங்கே சார் போச்சு?"

சீடர் அமானுல்லாவைப் பார்த்தார். அமானுல்லா சுத்தியலைப் பார்த்தார். சுத்தியலுக்குப் பார்க்க யாரும் இல்லை.

"வாங்க," என்றார் குரு. "படகுல ஏறுங்க."

"எங்கே மேடம்?"

"தாகமா இருக்கு."

"தண்ணி கேன் இங்கேயே இருக்கே!"

குரு அதற்குள் படகில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டின் ஓரத்தில் ஒரு மணல்மேடு. ஆற்றுத் தண்ணீர் அங்கே கரிக்கும். ஆனால் மணல்மேட்டில் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். திட்டுப் பெண்கள் குடத்தோடு வருவது அங்கேதான்.

"தோண்டுங்க சார்," என்றார் குரு.

"நானா?"

"வேற யாரு? நான்தானே குரு."

தனபாக்கியம் வாய்விட்டுச் சிரித்தாள். "பேன்ட்டை மடக்கிக்குங்க சார், நனைஞ்சிடும். ஆபீசர் ஊத்துத் தண்ணி குடிச்சு எங்க ஊருக்கு ரொம்ப நாளாச்சு."

"முன்னாடி யாராவது குடிச்சாங்களா?"

"யாரும் குடிக்கலை. அதைத்தான் சொல்றேன்."

வைத்தியலிங்கம் மண்டியிட்டுத் தோண்டினார். மணல் ஈரமானது. பிறகு குழைந்தது. பிறகு அடியில் ஒரு கை தண்ணீர் தெளிந்து நின்றது. தனபாக்கியம் கொட்டாங்கச்சி ஒன்றை நீட்டினாள். அவர் மொண்டார். குருவிடம் நீட்டினார். குரு குடித்தார்.

"இன்னும்."

மொண்டார்.

"இன்னும்."

இந்த முறை சீடர் அடியோடு வழித்து மொண்டார். தனபாக்கியம் பதறினாள்.

"ஐயோ, முழுசா மொள்ளாதீங்க சார்! கொஞ்சம் விட்டு மொள்ளணும்! வழிச்சு எடுத்தா மணலு ஏறி வந்துரும்!"

சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஊற்றின் அடியிலிருந்து மணல் கொப்பளித்து எழுந்தது. யாரும் தள்ளவில்லை. பக்கத்திலிருந்து சரியவும் இல்லை. கீழேயிருந்து, பால் பொங்குகிற மாதிரி மேலே வந்தது. முழங்கை ஆழம் இருந்த குழி ஒரு சாண் ஆனது.

சீடர் அதில் விரலை வைத்தார். விரல் தடையில்லாமல் உள்ளே போனது.

"பக்கத்து மணல்ல வச்சுப் பாருங்க," என்றார் குரு.

வைத்தார். இறுகிக் கிடந்தது. நகம் வலித்தது.

"ஒரே மணல்," என்றார் குரு.

சீடர் அப்படியே மண்டியிட்டிருந்தார். கொட்டாங்கச்சி கையிலேயே இருந்தது.

"பம்ப்பு நின்னுது மேடம்."

"எப்போ?"

"பன்னெண்டு நாற்பதுக்கு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னேன்."

"நான் நீங்க சொன்னதைக் கேட்கலை சார்."

சீடர் போனை எடுத்துப் பார்த்தார். "பதினெட்டு நிமிஷம்."

மிதவைக்குத் திரும்பியதும் குரு அமானுல்லாவைக் கேட்டார். "ராடை உருவும்போது தண்ணி ஊத்தினீங்களா மேஸ்திரி?"

"பம்ப்பு ஓடினாத்தானேம்மா ஊத்துறது. நிறைஞ்ச அண்டாவுலேருந்து கரண்டியை எடுத்தா மட்டம் இறங்கும்ல? அப்படி ராடு வர வரத் தண்ணி இறங்கிக்கிட்டே போச்சு. திரும்ப ராடை விட்டா அதும் பாரத்துலயே உள்ளே போகுது. அடியில மணல் ஏறியிருக்கும்னு எனக்கு அப்பவே சந்தேகம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்மா. ஐயா போன்ல இருந்தாரு. அப்புறம் அடிங்கன்னாரு. அடிச்சோம்."

சீடர் போனிலிருந்த அறிக்கையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். மொத்தமாக அழிக்கத் தெரியாதவர் அல்ல.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"மிதவையை மூணு மீட்டர் தள்ளிக் கட்டணும். புதுக் குழி."

"சனிக்கிழமை காலையில மேலே அணையில தண்ணி திறக்கிறாங்க. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள மிதவை ஆத்துல இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. நாலு நாள்ல போட்ட ஆழம். ஒரே நாள்ல எப்படி?"

குரு அமானுல்லாவைப் பார்த்தார்.

"முடியும்மா," என்றார் அவர். யோசிக்கவே இல்லை. "நடுவுல நின்னு நின்னு சோதனை பண்ணினதாலதான் நாலு நாள். பதினஞ்சுக்கு நேரா போறதுன்னா விடியக்காலம் ஆரம்பிச்சா மூணு மணிக்குத் தொட்டுடலாம். சோறு மிதவையிலேயே. ஒண்ணே ஒண்ணு. பம்ப்பு பக்கம் யாரும் வரக் கூடாது."

"பம்ப்புக்கு ஆள் நான் போடுறேன்," என்றார் குரு. "சார், உங்களுக்கு ஓஸைப் பிடிக்கத் தெரியுமா?"

"தோட்டத்துக்குத் தண்ணி விடுவேன் மேடம்."

"அதே வேலைதான்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது செயற்பொறியாளர் வைத்தியலிங்கம் குழாயின் தலைமாட்டில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஓஸ். காலுக்கடியில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. வழிய வேண்டும். வழிவது நின்றால் வேலை போச்சு.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. சட்டைப் பையில் கிடந்து அடித்து ஓய்ந்தது.

ஒன்பதரைக்கு அடித்தது.

"ஐயா, போனு," என்றார் அமானுல்லா. குரலில் கொஞ்சம் குறும்பு இருந்தது.

"காது கேட்குது மேஸ்திரி. கை காலியில்லை."

பத்தே முக்காலுக்கு இரண்டு முறை அடித்தது. தனபாக்கியம் படகை மிதவையோடு கட்டிவிட்டு ஏறி வந்தாள். தூக்குவாளியில் மீன் குழம்பும் சோறும். "நான் பிடிக்கிறேன், நீங்க சாப்பிடுங்க சார்."

"வேண்டாம்மா."

"ஆத்துத் தண்ணி எனக்குப் பழக்கம்தான் சார்."

"உனக்குப் பழக்கம். எனக்குத்தான் பழகணும்."

கடைசியில் அவர் ஒரு கையால் ஓஸைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சாப்பிட்டார். முள்ளை எடுக்க வழியில்லாமல் திணறுவதைப் பார்த்து அவளே மீனை உதிர்த்து இலையில் வைத்தாள். "வீட்டுல ஒருத்தருக்கு ஊட்டுறேன். இங்க ஒருத்தரு," என்றாள்.

"அவர் எப்படிம்மா இருக்கார்?"

"கரண்டு இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்காரு."

சீடர் தண்ணீர் வழிகிறதா என்று பார்த்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அமானுல்லா கையைத் தூக்கினார். பதினைந்து. ராடை உருவத் தொடங்கினார்கள். ஒவ்வொரு துண்டு வெளியே வரும்போதும் சீடர் ஓஸைக் குழாயின் வாய்க்கருகில் கொண்டுபோனார். தண்ணீர் ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. குரு டேப்பை இறக்கினார்.

"பதினஞ்சு," என்றார். "அடிங்க மேஸ்திரி."

சுத்தியல் ஏறியது. விழுந்தது. முதலில் விழுகிற அடிகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கம்பி மண்ணில் உட்காருவதற்காக அவை. கம்பி உட்கார்ந்ததும் அமானுல்லா சுண்ணக்கட்டியால் முப்பது சென்டிமீட்டருக்குக் கோடு போட்டார்.

"இனிமே எண்ணுங்க."

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

கோடு அசைந்த மாதிரியே தெரியவில்லை.

"அஞ்சு," என்றாள் தனபாக்கியம். அவளை யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எண்ணியது அவள்தான். பத்து வரை உரக்க. இருபது வரை இன்னும் உரக்க. முப்பதைத் தாண்டியபோது மிதவையில் இருந்த ஏழு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். முப்பத்தெட்டில் கோடு மூழ்கியது.

கம்பி மேலே வந்தது. குரு அதன் நுனிக் குழலைப் பிளந்து காட்டினார். இறுகிய மணல். நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு, வெட்டிய கேக்கில் தெரிகிற மாதிரி நேராக ஓடியது.

தனபாக்கியம் அதை ஒரு விரலால் தொட்டாள். "இதுக்குள்ளதான் எங்க கரண்டு வரப் போகுதாம்மா?"

"இதுக்குள்ளதான்."

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படகுக்கு இறங்கினாள். கடைத்தெருவில் கத்தரிக்காயைப் பார்த்துச் சொல்கிற தொனி.

ஆட்கள் சுத்தியல் தொங்கிய முக்காலியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். குரு பழைய குழியைச் சிமென்ட் பாலால் அடைக்கச் சொன்னார். பிறகு பதிவுத் தாள்களை விரித்துச் சீடரிடம் கொடுத்தார். ஐந்தாவது குழி, முதல் முயற்சி. ஐந்தாவது குழி, இரண்டாம் முயற்சி. இரண்டுக்கும் தனித்தனித் தாள். இரண்டிலும் குறிப்பு என்று ஒரு கட்டம்.

சீடர் இரண்டாம் முயற்சியை ஒரே மூச்சில் நிரப்பினார். முப்பத்தெட்டு என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். பத்து வருடத்துக்குப் பிறகு மண் நன்றாக இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து. முதல் முயற்சிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், இது அவசியமா? அதான் சரியான விடை வந்துடுச்சே. அந்தத் தாளைக் கிழிச்சுட்டா யாருக்கும் நஷ்டமில்லை."

"தாளைக் கிழிச்சிடலாம் சார். ஆத்துல ஒரு ஓட்டை இருக்கே, அதை எப்படிக் கிழிப்பீங்க?"

"அதான் அடைக்கிறாங்களே."

"அடைச்ச இடம்னு தெரிஞ்சாத்தானே நாளைக்கு அடியில துளை போட்டுக்கிட்டு வர்றவன் ஜாக்கிரதையா வருவான்? தெரியாம வந்தா, அவன் உள்ளே விடுற சேறு அந்த வழியா மேலே பீறிட்டு வரும். அப்ப யாரைத் தேடுவாங்க?"

சீடர் பெருமூச்சு விட்டார். "என்னைத்தான்."

"அதுக்கு இப்பவே எழுதிடலாம்."

"நாலுன்னு எழுதட்டுமா?"

"நாலுதானே வந்தது."

சீடர் நாலு என்று எழுதினார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் பழைய மாணவன் ஒருவன் வாத்தியாரை மடக்கப்போகிற களை.

"ஒரு கேள்வி மேடம். மண்ணு பொய் சொல்லிப் பார்த்ததில்லைன்னு முதல் நாள் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இந்த நாலு பொய்தானே?"

குரு குறிப்பு என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"பம்ப்பு நின்னப்போ போன்ல யாரு சார்?"

"எஸ்.இ."

"அவர் என்ன கேட்டார்?"

"நடு ஆத்துல மண்ணு எப்படி இருக்குன்னு கேட்டார்."

"அப்போ பதினஞ்சாவது மீட்டர்ல சுத்தியல் போட்டாச்சா?"

"இல்லை மேடம். அதுக்கப்புறம்தான் போட்டோம்."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

வைத்தியலிங்கம் ஆற்றைப் பார்த்தார். ஆற்றின் நடுவே அந்தக் கோபுரம் லேசாகச் சாய்ந்து நின்றது. படகில் தனபாக்கியம் மோட்டாரைக் கிளப்பிவிட்டு, இவர்களுக்காகக் காத்திருந்தாள்.

"சொல்லுங்க சார்."

"மோசமா இருக்கு, நிக்காதுன்னு சொன்னேன்."

குரு பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"பாவம் சார் அந்த மண்ணு. உங்க வாக்கைக் காப்பாத்த ஒன்னேமுக்கால் மீட்டர் ஏறி வந்திருக்கு. எழுதுங்க."